ஒரே ராத்திரி... நாடகக் கொட்டகையின் தலையெழுத்து!

மேடைக்குப் பின்னால் ஒரு நடிகை. கையில் வசனக் கட்டு. புரட்டிப் பார்க்கிறார்.

முதல் பக்கம் காலி. அடுத்த பக்கமும் காலி. ஒரு எழுத்துக்கூட இல்லை!

கட்டை வைத்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை. ஆட ஆரம்பித்தார். ஆடிக்கொண்டே மேடைக்கு வந்துவிட்டார்.

இது நாடகத்தில் வரும் காட்சி அல்ல. நாடகக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கும் விழாவின் ஆரம்பம். இடம் நியூயார்க். நாள் 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நடிகையின் பெயர் அரியானா டிபோஸ். விழாவைத் தொகுத்து நடத்த வந்தவர்.

வசனம் எங்கே போயிற்று?

அமெரிக்காவில் சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் எழுதுகிறவர்கள் அந்த வருஷம் மே 2-ந் தேதி முதல் வேலைநிறுத்தம். அந்த மே 2-ந் தேதிதான் இந்தப் பரிசுக்குப் போட்டியிடுகிறவர்களின் பட்டியலும் வெளியானது. விழா டெலிவிஷனில் காட்டப்படுவது. அதற்கு எழுதுவதும் டெலிவிஷன் வேலைதான். "எழுத மாட்டோம்" என்று பேனாவை மூடிவிட்டார்கள். சலுகை கேட்டபோது சங்கம் முதலில் கையை விரித்தது. மீறி நடத்தினால் வாசலில் மறியல் நடக்கும். மறியல் கோட்டைத் தாண்டி எந்த நடிகரும் உள்ளே போக மாட்டார்.

சரி, ஒரு வருஷம் விழா இல்லாவிட்டால் என்ன? குடியா முழுகிப் போகும்?

முழுகித்தான் போகும்! அந்தக் கதைதான் இது.

எட்டு காட்சி வியாபாரம்

பரிசின் பெயர் "டோனி". சினிமாவுக்கு ஆஸ்கார் மாதிரி, அமெரிக்காவில் மேடை நாடகத்துக்கு டோனி. நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கு மட்டும்தான் போட்டிப் பரிசுகள்.

பிராட்வே என்றதும் பாரிமுனைப் பக்கத்து பிராட்வே ஞாபகத்துக்கு வரும். இது வேறு. நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றி, கூப்பிடு தூரத்தில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நாடகக் கொட்டகைகள். கொஞ்சம் தள்ளி லிங்கன் சென்டரில் ஒன்று. எல்லாம் சேர்த்து 41. 500 இருக்கைக்குக் குறையக் கூடாது என்பது கணக்கு.

ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரே நாடகம். வாரத்துக்கு எட்டு காட்சி. கூட்டம் வருகிற வரைக்கும் அதே நாடகம் ஓடும். வருஷக்கணக்கிலும் ஓடும். கூட்டம் குறைந்தால் தூக்கிவிடுவார்கள்.

பாட்டும் ஆட்டமும் நிறைந்த ஒரு இசை நாடகத்தை அங்கே மேடையேற்ற ஒரு கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. போட்ட முதலை எடுக்காமலே மூட்டை கட்டுகிற நாடகங்கள்தான் அதிகம். நாடகம் நின்றால் நடிகர் மட்டும் வீட்டுக்குப் போவதில்லை. வாத்தியக்காரர், விளக்கு போடுகிறவர், உடை எடுத்துக் கொடுக்கிறவர், டிக்கெட் கிழிக்கிறவர், இடம் காட்டுகிறவர் என்று அத்தனை பேருக்கும் அந்த வாரமே வேலை பாதிப்பு.

ஒரு சின்னக் கணக்கு.

1,000 இருக்கை உள்ள கொட்டகை. எட்டு காட்சியும் ஹவுஸ்புல் என்றே வையுங்கள். வாரத்துக்கு 8 ஆயிரம் பேர். 2023-ல் டோனி விழாவை டெலிவிஷனில் பார்த்தவர்கள் சுமார் 43 லட்சம் பேர். இத்தனை பேரும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் 10 வருஷத்துக்கு மேல் ஆகும்!

பத்து வருஷத்துக் கூட்டம் ஒரே ராத்திரியில், கடை வாசலில் வந்து நிற்கிற மாதிரி. எந்தக் கடைக்காரர்தான் அந்த ராத்திரி கதவைச் சாத்த சம்மதிப்பார்?

யார் இந்த டோனி?

டோனி என்பது ஆண் அல்ல. ஒரு பெண்ணின் செல்லப் பெயர்!

முழுப் பெயர் ஆன்டோனெட் பெர்ரி. கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் 1888-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே நடிகையானார். 1909-ல் ஒரு தொழிலதிபரைக் கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டு ஒதுங்கினார். 1922-ல் கணவர் காலமானார். இரண்டு பெண் குழந்தைகள். 1924-ல் மறுபடி மேடை ஏறினார்.

பிறகு பிராக் பெம்பர்ட்டன் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து நாடகங்களை டைரக்ட் செய்யத் தொடங்கினார். பெண்கள் டைரக்டர் நாற்காலியில் உட்காருவது அபூர்வமாக இருந்த காலம் அது. 1944-ல் அவர் டைரக்ட் செய்த "ஹார்வி" என்ற நாடகம் 1,775 காட்சி ஓடியது. யார் கண்ணுக்கும் தெரியாத ஆறடி உயர முயலுடன் சிநேகிதம் பிடித்த ஒரு மனிதரின் கதை!

இரண்டாவது உலக யுத்தத்தின்போது "அமெரிக்கன் தியேட்டர் விங்" என்ற நாடகக்காரர் அமைப்பை முன்னால் நின்று நடத்தினார். அந்த அமைப்பு 1942-ல் நியூயார்க்கில் ஒரு கேன்டீன் திறந்தது. யுத்தத்துக்குப் போகும் சிப்பாய்களுக்கு அங்கே சாப்பாடு இலவசம். பரிமாறியவர்கள், மேஜை துடைத்தவர்கள் எல்லாம் நடிகர் நடிகைகள்!

1946 ஜூன் 28-ந் தேதி மாரடைப்பில் இறந்தார். முந்தின நாள்தான் 58-வது பிறந்த நாள்.

அவர் ஞாபகமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று பெம்பர்ட்டனும் மற்றவர்களும் யோசித்தார்கள். பிறந்ததுதான் டோனி பரிசு.

டிக்கெட் கவுண்டருக்கும் பரிசு!

முதல் விழா 1947 ஏப்ரல் 6-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. வால்டார்ப் அஸ்டோரியா ஓட்டல் ஹாலில் விருந்தோடு நடந்தது. டிக்கெட் 7 டாலர். ரேடியோவில் ஒலிபரப்பினார்கள்.

பதக்கம் எதுவும் அப்போது கிடையாது. ஒரு பாராட்டுப் பத்திரம். கூடவே ஆண்களுக்கு சிகரெட் லைட்டர் மாதிரி ஒரு பொருள், பெண்களுக்குப் பவுடர் பெட்டி. அவ்வளவுதான்!

பரிசு வாங்கியவர்களில் நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர், சினிமாவில் புகழ் பெற்ற இங்க்ரிட் பெர்க்மன் போன்ற பெரிய தலைகள் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் இன்னும் சிலர் இருந்தார்கள்.

ஒருவர் டோரா சேம்பர்லின். நடிகை அல்ல, பாடகியும் அல்ல. மார்ட்டின் பெக் தியேட்டரில் டிக்கெட் வசூலைப் பார்த்துக்கொண்டவர். எதற்குப் பரிசு? வருகிறவர்களிடம் எப்போதும் முகம் கோணாமல் மரியாதையாக நடந்துகொண்டதற்கு!

இன்னொருவர் சார்டி. ஓட்டல்காரர். நாடகக்காரர்கள் வேலை முடிந்து வந்து உட்கார இருபது வருஷமாக இடம் கொடுத்தவர். மேடையில் சிக்கலான அமைப்பைக் கட்டிக் கொடுத்த மெக்டொனால்டு என்பவருக்கு ஒரு பரிசு. முதல் நாள் முதல் காட்சியை விடாமல் பார்க்கிற கட்சன்பர்க் என்ற தம்பதிக்கும் ஒரு பரிசு. ரசிகர்களாக இருந்ததற்கே பரிசு!

நாடகம் என்பது மேடையில் நிற்கிறவர் மட்டும் அல்ல. கவுண்டரில் உட்காருகிறவர், ஆணி அடிக்கிறவர், சோறு போடுகிறவர், காசு கொடுத்துப் பார்க்கிறவர், எல்லாரும் சேர்ந்ததுதான். முதல் விழாவில் அந்த எண்ணம் இருந்தது.

பதக்கம் 1949-ல் வந்தது. ஒரு பக்கம் சிரிக்கும் முகமூடியும் அழும் முகமூடியும். மறு பக்கம் ஆன்டோனெட் பெர்ரியின் முகம். இந்தப் பதக்கம்தான் இன்றைக்கும் கொடுக்கப்படுகிறது. கையால் தட்டினால் சுழலும்படி பிற்பாடு பீடத்தில் மாட்டிவிட்டார்கள். நாடகக்காரன் பிழைப்பு மாதிரியே! சிரிப்பு வருமா, அழுகை வருமா என்று சுழன்றுகொண்டே இருக்கும்.

டெலிவிஷன் நுழைந்தது

1956-ல் நியூயார்க் டெலிவிஷனில் உள்ளூர் அளவில் விழாவைக் காட்டினார்கள். 1967-ல்தான் நாடு முழுக்கக் காட்டப்பட்டது. அலெக்சாண்டர் கோஹன் என்ற தயாரிப்பாளர் பொறுப்பேற்று நடத்தினார். ஏ.பி.சி. டெலிவிஷன் ஒளிபரப்பியது. அதுவரை ஓட்டல் விருந்தாக இருந்த விழா, அந்த வருஷம் ஷூபர்ட் என்ற நாடகக் கொட்டகைக்கு வந்தது.

1978 முதல் சி.பி.எஸ். டெலிவிஷன் காட்டி வருகிறது. 1997-ல் சுமார் 6 ஆயிரம் இருக்கை கொண்ட ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்கு விழா போனது. அதன் பிறகு பல வருஷம் அங்கேதான்.

டெலிவிஷன் வந்ததும் விழாவின் குணமே மாறிவிட்டது. பரிசு கொடுப்பது பாதி, நாடகத்தைக் காட்டுவது பாதி! போட்டியில் உள்ள ஒவ்வொரு இசை நாடகமும் மேடைக்கு வந்து ஒரு பாட்டை ஆடிப் பாடிக் காட்டும். சில நிமிஷம்தான்.

அந்தச் சில நிமிஷத்துக்கு ஆகும் செலவு பெரும்பாலும் நாடகக் கம்பெனியின் தலையில். லட்சக்கணக்கான டாலர்! கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று செலவு செய்கிறார்கள். வேறு எந்த நாளில் அமெரிக்கா முழுக்கக் கடை விரிக்க முடியும்?

நடிகர்கள் பாடு அன்றைக்கு திண்டாட்டம். காலையில் வேஷம் போட்டு விழா மேடையில் ஒத்திகை. மத்தியானம் தங்கள் தியேட்டருக்கு ஓடி வழக்கமான காட்சி. ராத்திரி மறுபடி விழா. ஒரே நாளில் மூன்று முறை வேஷம்!

பரிசு வாங்கியவருக்கு 90 விநாடி. நாற்காலியிலிருந்து எழுந்து, மனைவியைக் கட்டிப் பிடித்து, படி ஏறி, நன்றி சொல்லி முடிக்க எல்லாம் சேர்த்து 90 விநாடி! தாண்டினால் வாத்தியம் முழங்கி விடும்.

இதில் ஒரு குறையும் உண்டு. மேடை அமைத்தவர், விளக்கு போட்டவர், உடை வடிவமைத்தவர் ஆகியோரின் பரிசுகளைப் பல வருஷங்களில் முக்கிய ஒளிபரப்பு தொடங்கும் முன்பே கொடுத்து முடித்துவிடுகிறார்கள். நாடு முழுக்கப் பார்க்கும் நேரம் நட்சத்திரங்களுக்கு! கவுண்டரில் இருந்த டோராவுக்குப் பரிசு கொடுத்த விழாதான் இது.

மூட்டை கட்டிய நாடகம் முழங்கியது!

டெலிவிஷனால் நாடகம் பிழைக்குமா? "தி விஸ்" கதையைக் கேளுங்கள்.

பழைய மந்திரவாதிக் கதை ஒன்றை முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து இசை நாடகமாக்கினார்கள். 1975 ஜனவரி 5-ந் தேதி மெஜஸ்டிக் தியேட்டரில் முதல் காட்சி. அன்றைக்கே "நாடகம் நிறுத்தப்படும்" என்ற நோட்டீசும் ஒட்டப்பட்டது! திறந்த அன்றே மூடுவிழா!

பணம் போட்டிருந்த சினிமா கம்பெனி மேலும் பணம் கொடுத்தது. டெலிவிஷனில் விளம்பரம் செய்தார்கள். ஆடுகிற காட்சியை ஜனங்கள் வீட்டில் இருந்தபடி பார்த்தார்கள். டிக்கெட் வரிசை நீண்டது. நோட்டீசைக் கிழித்து எறிந்தார்கள்.

ஏப்ரலில் டோனி விழா. "தி விஸ்" 7 பரிசுகளை அள்ளியது. அதில் இரண்டு, டைரக்ட் செய்து உடையும் வடிவமைத்த ஜெப்ரி ஹோல்டர் என்பவருக்கு. 1979 ஜனவரி வரை 1,672 காட்சி ஓடியது!

1982-ல் இன்னொரு அதிசயம். "டிரீம் கேர்ள்ஸ்" என்ற இசை நாடகம். ஜெனிபர் ஹாலிடே என்ற 21 வயதுப் பெண் அந்த நாடகத்தின் பாட்டு ஒன்றை டோனி மேடையில் பாடினார். காதலன் கைவிட்டபோது "போக மாட்டேன்" என்று அடம் பிடித்துக் கதறுகிற கட்டம். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆடிப் போனார்கள். சிறந்த நடிகை பரிசும் அவருக்கே!

மேடை நாடகம் அன்றன்று ஆடி அன்றன்றே கரைந்து போகிற சரக்கு. சினிமா மாதிரி பெட்டியில் இருக்காது. ஆனால் ஜெனிபர் அன்று பாடியது டெலிவிஷனில் பதிவானதால் நாற்பது வருஷம் கழித்தும் ஜனங்கள் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஓட்டல் சர்வரின் நாடகம்

எல்லாக் கதையும் சந்தோஷக் கதை அல்ல.

ஜானதன் லார்சன் என்று ஒரு இளைஞர். பாட்டு எழுதுவார். இசை அமைப்பார். அது சோறு போடவில்லை. பல வருஷம் நியூயார்க்கில் ஒரு சின்ன ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். மிச்ச நேரத்தில் "ரென்ட்" என்ற இசை நாடகத்தை எழுதினார். வாடகை கொடுக்க முடியாமல் தவிக்கும் ஏழைக் கலைஞர்களின் கதை. அவருடைய கதையும்தான்.

1996 ஜனவரி 25-ந் தேதி ஒரு சின்னக் கொட்டகையில் நாடகத்தின் முன்னோட்டக் காட்சி. அன்று விடியற்காலையில் இருதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து லார்சன் இறந்துபோனார். வயது 35. சொந்த நாடகத்துக்கு விழுந்த கைதட்டலை அவர் கேட்கவே இல்லை.

ஏப்ரலில் நாடகம் பிராட்வேக்கு ஏறியது. ஜூனில் டோனி விழா. சிறந்த இசை நாடகம், சிறந்த கதை வசனம், சிறந்த பாட்டுகள் என்று அடுக்கடுக்காகப் பரிசு. லார்சன் சார்பில் மேடை ஏறியவர் அவருடைய அக்காள் ஜூலி. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

"ரென்ட்" 12 வருஷம் ஓடியது. 5,123 காட்சி!

ரகுமான் நாடகமும் போனது

நம்ம ஏ.ஆர்.ரகுமானின் பாட்டும் பிராட்வேயில் ஒலித்தது. "பாம்பே டிரீம்ஸ்" என்ற இசை நாடகம். 2002-ல் லண்டனில் தொடங்கி இரண்டு வருஷம் ஓடியது. 2004 ஏப்ரல் 29-ந் தேதி நியூயார்க்கில் திரை விலகியது.

டோனி போட்டியில் உடை, நடனம், வாத்திய அமைப்பு ஆகிய 3 பிரிவுகளில் பெயர் வந்தது. நடனத்துக்குப் பெயர் வந்த இருவரில் ஒருவர் இந்தி டைரக்டர் பராகான். ஆனால் ஒரு பரிசும் கிடைக்கவில்லை. 284 காட்சியோடு 2005 ஜனவரி 1-ந் தேதி திரை விழுந்தது.

பரிசு இல்லாவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தமா? அதுவும் இல்லை. அதே 2004-ல் "விக்கெட்" என்ற சூனியக்காரி நாடகம்தான் சிறந்த இசை நாடகம் என்று பலரும் பந்தயம் கட்டினார்கள். பொம்மைகளை வைத்து நடத்திய "அவென்யூ கியூ" என்ற சின்ன நாடகம் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. ஆனால் "விக்கெட்" அசரவில்லை. 20 வருஷம் தாண்டியும் கூட்டம் குறையாமல் ஓடியது!

ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் பரிசு தேவை இல்லை. ஆனால் முதலில் ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே! பெயர் தெரியாத நாடகத்துக்கு அந்த ஒரு ராத்திரிதான் வழி.

போட்டியில் ஒரே ஆள்!

2020 மார்ச் 12-ந் தேதி கொரோனாவால் பிராட்வே இழுத்து மூடப்பட்டது. 41 கொட்டகையிலும் இருட்டு. பெரிய நாடகங்கள் மறுபடி தொடங்க ஒன்றரை வருஷம் ஆனது.

நடக்க வேண்டிய டோனி விழா 2021 செப்டம்பர் 26-ந் தேதிக்குத் தள்ளிப் போனது. அப்போது ஒரு வேடிக்கை. இசை நாடகத்தில் சிறந்த நடிகர் பரிசுக்குப் போட்டி போட ஒரே ஒருவர்தான் இருந்தார்! ஆரன் ட்வெயிட் என்ற நடிகர்.

"அப்புறம் என்ன, பரிசு அவருக்குத்தானே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 60 பேர் ஆமாம் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒற்றை ஆளாக நின்றும் தோற்கலாம்! நல்ல வேளை, ஜெயித்துவிட்டார்.

ஓட்டுப் போடுகிறவர்கள் சுமார் 800 பேர். தயாரிப்பாளர்கள், நடிகர்கள், டைரக்டர்கள், கொட்டகை முதலாளிகள் என்று பெரும்பாலும் தொழிலில் இருக்கிறவர்கள்.

பாண்டிச்சேரிப் புலி

இப்போது 2023 ஜூன் மாதத்துக்கே திரும்புவோம்.

வேலைநிறுத்தம் செய்த சங்கத்தில் மேடை நாடகம் எழுதுகிறவர்களும் இருந்தார்கள். இரண்டு பிழைப்பும் அவர்களுக்குத் தெரியும். "விழா நின்றால் டெலிவிஷன் முதலாளிக்கு நஷ்டம் கொஞ்சம். நாடகக் கொட்டகைத் தொழிலாளிக்கு நஷ்டம் அதிகம்" என்பதுதான் வாதம். சங்கத்திடம் எடுத்துச் சொன்னார்கள்.

சங்கம் இறங்கி வந்தது. மறியல் இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்த வசனம் ஒரு வரி கூட இருக்கக் கூடாது! அதனால்தான் டிபோஸ் கையில் வெறும் காகிதம். ஊருக்கு வடக்கே வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் உள்ள யுனைடெட் பேலஸ் என்ற பழைய கொட்டகையில் விழா நடந்தது. பேச்சு குறைவு, பாட்டும் ஆட்டமும் அதிகம். மேடை ஏறிய பலரும் எழுத்தாளர்களுக்கு ஆதரவு தெரிவித்தார்கள்.

அந்தப் போட்டியில் பாண்டிச்சேரியும் இருந்தது!

"லைப் ஆப் பை" என்ற நாவலின் மேடை வடிவம். பாண்டிச்சேரியில் மிருகக்காட்சி சாலை வைத்திருந்தவரின் மகன் பை. குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்படுகிறான். கப்பல் முழுகுகிறது. படகில் மிச்சம் அவனும் ஒரு வங்கப் புலியும். மேடைக்கு ஏற்றவாறு எழுதியவர் லோலிதா சக்கரவர்த்தி.

மேடையில் நிஜப் புலியா வரும்? பொம்மைப் புலி. ஒரே நேரத்தில் மூன்று பேர் உள்ளும் புறமும் நின்று அதை நடக்க வைப்பார்கள், உறும வைப்பார்கள், மூச்சு வாங்க வைப்பார்கள். லண்டனில் 2022-ல் ஒலிவியர் பரிசு கொடுத்தபோது, புலியாக நடித்த 7 பேருக்கும் சேர்த்து சிறந்த துணை நடிகர் பரிசே கொடுத்துவிட்டார்கள்!

நியூயார்க்கில் 3 டோனி கிடைத்தது. மேடை அமைப்புக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று.

3 பதக்கம்! நாடகம் பிழைத்ததா?

இல்லை. ஆறு வாரம் கழித்து, ஜூலை 23-ந் தேதி கடைசிக் காட்சி. மார்ச் 30-ந் தேதி தொடங்கிய நாடகம் நாலு மாசம்கூட முழுசாக ஓடவில்லை. இசை நாடகத்துக்கு டெலிவிஷனில் ஆடிக் காட்ட ஒரு பாட்டு இருக்கிறது. வசன நாடகத்துக்கு அந்த வசதி இல்லை.

அதே ராத்திரியில் "கிம்பர்லி அகிம்போ" என்ற சின்ன இசை நாடகத்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 16 வயதை எட்டும் பெண்ணுக்கு ஒரு விசித்திர வியாதி. வயது நாலைந்து மடங்கு வேகமாக ஏறி உடம்பு கிழவியாகிவிடுகிறது. அந்தச் சிறுமியாக நடித்தவர் விக்டோரியா கிளார்க். வயது 63! அவருக்கு சிறந்த நடிகை பரிசு. சிறந்த இசை நாடகம் உள்பட மொத்தம் 5 பரிசு.

800 இருக்கைகூட இல்லாத கொட்டகை. பெரிய பெயர் இல்லாத நாடகம். பரிசுக்குப் பிறகு வசூல் ஏறியது. மறு வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி வரை ஓடியது. அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு இன்னும் பத்து மாசச் சம்பளம்!

எழுத்தாளர் சங்கம் மறியல் செய்திருந்தால் அந்தச் சம்பளம் கிடைத்திருக்குமா?

திங்கட்கிழமை

டோனி விழா வருவது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள். அன்று பிராட்வேயில் பல கொட்டகைகளுக்கு வார லீவு. டிக்கெட் விற்பனைக்கு மட்டும் லீவு கிடையாது.

ராத்திரி நட்சத்திரங்கள் உடுத்திய உடை, சிந்திய கண்ணீர், சொன்ன நன்றி எல்லாம் விடிந்தால் பழங்கதை. அன்று காலையில் எத்தனை டிக்கெட் போணி ஆனது? அதைத்தான் ஒவ்வொரு கம்பெனி மானேஜரும் பார்த்துக்கொண்டிருப்பார். நின்ற நாடகங்களின் விளம்பரப் பலகையைக் கழற்ற ஏணி வரும். ஜெயித்த நாடகங்களின் பலகையில் "டோனி பரிசு பெற்றது" என்று எழுத ஏணி வரும். இரண்டுக்கும் ஏணி ஒன்றுதான்!

முதல் விழாவில் டிக்கெட் கவுண்டர் டோராவைக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்களே, அது சும்மா அல்ல. மேடையில் யார் என்ன பாடினாலும் நாடகம் நாளைக்கு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிற இடம் அந்தச் சின்ன ஜன்னல். 1947-ல் அது தெரிந்திருந்தது. 2023-ல் வேலைநிறுத்தம் செய்த எழுத்தாளர்களுக்கும் தெரிந்திருந்தது.

பேனாவை மூடி வைத்தார்கள். கவுண்டர் ஜன்னலை மூடவில்லை!